சாயவேர் முதல் செடிக்கழிவு வரை: பழவேற்காட்டு ஏரி கேட்கும் இரண்டு கேள்விகள்



துணிக்கடையில் நாம் விலையைக் கேட்கிறோம். துணியைத் தொட்டுப் பார்க்கிறோம். துவைத்தால் சாயம் போகுமா என்றும் தவறாமல் கேட்கிறோம். ஆனால் அந்தச் சாயம் எதிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. துணியில் பிடிக்காமல் மிஞ்சிய சாயம் எந்தத் தண்ணீரில் போய்ச் சேர்ந்தது என்றும் கேட்பதில்லை.

இந்த இரண்டு கேள்விகளையும் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று கேட்டுப் பார்ப்போம். ஒரு காலத்தில் சாயமிட்ட துணியால் உலகமெங்கும் பெயர் பெற்ற ஊர் அது. இன்று மேட்டிலிருந்து வரும் தண்ணீர் எதைச் சுமந்து வந்தாலும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய ஏரியின் கரையில் அந்த ஊர் இருக்கிறது. சாயத்தைப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்காமல், செடி கொடிகளின் கழிவிலிருந்து தயாரிக்கும் முயற்சி இப்போது பல நாடுகளில் நடந்து வருகிறது. அது என்ன, எவ்வளவு தூரம் நம்பத் தகுந்தது என்பதைப் புரிந்துகொள்ளப் பழவேற்காட்டின் பழைய கதை நமக்கு உதவும்.

பழவேற்காட்டின் பெயர் சுமந்த துணிகள்

சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. தென்பகுதி நமது திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. போர்த்துக்கீசியர் காலத்தில், 1515ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்ட மகிமை மாதா ஆலயம் இங்கேதான் இருக்கிறது. போர்த்துக்கீசியருக்குப் பின் ஒல்லாந்தர் வந்தனர். அவர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கடற்கரையில் தங்கள் வணிகத்திற்குப் பழவேற்காட்டைத் தலைமையிடமாக்கினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை அந்த நிலை நீடித்தது.

அவர்கள் தேடி வந்தது துணியை. இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டுமானால் அங்குள்ள மக்களுக்குப் பிடித்த பொருளைக் கொடுக்க வேண்டும். சோழமண்டலத்தில் நெய்து சாயமிட்ட பருத்தித் துணியே அந்தப் பொருள். இன்றும் மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலியைக் 'காயின் பெலிக்காட்' என்று அழைக்கின்றனர். பெலிக்காட் என்பது பழவேற்காடுதான். கடல்களைக் கடந்து மெக்சிகோ சென்றால், அங்கே உழவர்கள் கழுத்தில் கட்டும் வண்ணக் கைக்குட்டைக்குப் 'பாலியக்காத்தே' என்று பெயர். அந்தச் சொல்லும் நமது பழவேற்காட்டிலிருந்து போனதாக ஸ்பானிய அகராதி கூறுகிறது. ஏரிக்கரையில் உள்ள ஒரு சிற்றூரின் பெயரை உலகின் இரு கோடிகளிலும் மக்கள் உடுத்தியிருக்கிறார்கள்.

வேருக்குள் இருந்த சிவப்பு

அந்தத் துணிகளின் சிறப்பு அவற்றின் சிவப்பு. அதைத் தந்தது சாயவேர். இம்பூறல் என்றும் இதற்குப் பெயருண்டு. கடலோர மணற்பாங்கான நிலத்தில் தரையோடு படர்ந்து வளரும் சிறு செடி இது. வேர் முற்றுவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். பிறகு செடியையே தோண்டி எடுத்து, வேரைக் காயவைத்து இடித்துத் தூளாக்குவார்கள்.

வேரைக் கொதிக்கவைத்துத் துணியை முக்கினால் மட்டும் நிறம் நிற்காது. முதலில் துணியைக் கடுக்காய் நீரிலும் எருமைப் பாலிலும் நனைத்துக் காயவைப்பார்கள். பிறகு படிகாரம் ஏற்றுவார்கள். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு பக்கம் பருத்தி நூலையும் மறுபக்கம் சாயத்தையும் பற்றிக்கொள்ளும். நடுவில் நின்று இருவரையும் இணைத்து வைக்கும் தரகரைப் போன்றது அது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் சிவப்பு இன்னும் ஆழமாகும். பழைய இரும்பைக் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்துக் கறுப்பு நிறம் எடுத்தார்கள். அவுரிச் செடியிலிருந்து நீலம் கிடைத்தது.

இவற்றையெல்லாம் ஐரோப்பாவுக்கு விளக்கமாக எழுதியவர் ஓர் இயேசு சபைக் குரு. கஸ்தோன் கேர்து என்ற பிரெஞ்சு நாட்டு மறைப்பணியாளர் 1742இல் இந்தக் கடற்கரையிலிருந்து எழுதிய கடிதம், துணியில் வண்ணம் தீட்டும் முறையைப் படிப்படியாக விவரிக்கிறது. அவர் கேட்டறிந்தது, புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற கைவினைஞர்களிடம். அச்சில் நின்றது குருவின் பெயர். அந்த அறிவோ தலைமுறை தலைமுறையாகச் சாயக்காரர்களின் கைகளில் இருந்தது. ஏழை மனிதரின் கையறிவு பெரிய நாடுகளின் ஆலைகளுக்குப் போய்ச் சேரும்போது அவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

வலைக்கும் சாயம் உண்டு

சாயம் என்பது நெசவாளருக்கும் வணிகருக்கும் மட்டும் உரியதாக இருக்கவில்லை. நைலான் வருவதற்கு முன் மீனவர்கள் பருத்தி நூலிலும் சணல் நூலிலும் வலை பின்னினார்கள். ஈரத்தில் கிடக்கும் நூலை நுண்ணுயிர்கள் அரித்துவிடும். எனவே மரப்பட்டையைக் காய்ச்சிய நீரில் வலையை ஊறவைத்துத் துவரேற்றினார்கள். வேலம்பட்டை, சவுக்குப்பட்டை, பனிச்சங்காய் போன்றவை இதற்குப் பயன்பட்டன. அவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் நூலைப் பழுப்பு நிறமாக்கியது. வலையும் நீண்ட நாள் உழைத்தது. மீனவருக்கு அந்த நிறம் அழகுக்காக அல்ல, வலையின் ஆயுளுக்காக.

செடியின் உடலில் கிடைக்கும் ஒரு பொருளை எடுத்து நூலோடு பிணைப்பது நமது குப்பங்களுக்குப் புதிய செய்தி அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். 1950களுக்குப் பின் நைலான் படிப்படியாகப் பரவியது. அதற்குத் துவர் தேவைப்படவில்லை. பட்டை காய்ச்சிய அடுப்புகள் அணைந்தன.

கரித்தாரிலிருந்து வந்த நிறங்கள்

சாயவேரின் அடுப்பு அதற்கு முன்பே அணைந்துவிட்டது. 1856இல் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது ஆங்கிலேய இளைஞர் மலேரியாவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த ஒரு பொருளை வைத்து ஆய்வு செய்தபோது, மருந்துக்குப் பதில் ஊதா நிறச் சாயம் கிடைத்தது. அங்கிருந்து செயற்கைச் சாயத் தொழில் தொடங்கியது.

அடுத்தது சிவப்பு. சாயவேரிலும் ஐரோப்பாவின் மேடர் வேரிலும் சிவப்பைத் தருவது அலிசரின் என்ற ஒரே பொருள். திருத்தூதர் பணிகள் நூலின் 16ஆம் அதிகாரத்தில் நாம் சந்திக்கும் லீதியா, தியத்திரா நகரைச் சேர்ந்தவர். செந்நிறத் துணி விற்றவர். அந்நகரத்தார் பயன்படுத்தியது மேடர் வேரின் சிவப்பாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அப்படியானால் லீதியா விற்ற துணியிலும் பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய துணியிலும் இருந்தது ஒரே சிவப்பு. இந்த அலிசரினை 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற இரு ஜெர்மானியர் கரித்தாரிலிருந்து செய்து காட்டினர். சில ஆண்டுகளுக்குள் அது ஆலையில் மலிவாகத் தயாராகி, வேர் தோண்டுவோரின் பிழைப்பை எடுத்துக்கொண்டது. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவின் அவுரி வயல்கள் வேகமாகச் சுருங்கின.

இங்கே ஓர் உண்மையைக் கவனிப்போம். வேரில் இருந்த அலிசரினும் ஆலையில் செய்த அலிசரினும் ஒரே மூலக்கூறு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் குணத்தில் வேறுபாடு இல்லை. 'இயற்கை' என்றால் நல்லது, 'செயற்கை' என்றால் கெட்டது என்று பிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அது சரியல்ல.

இயற்கைச் சாயத்தின் வரலாறும் கறை படிந்ததே. பீகாரின் சம்பாரண் பகுதியில் உழவர்கள் ஒவ்வொரு 20 பங்கு நிலத்திலும் 3 பங்கில் கட்டாயமாக அவுரி பயிரிட வேண்டியிருந்தது. 1917இல் காந்தியடிகள் அங்கே சென்றது அந்தக் கட்டாயத்தை எதிர்த்துத்தான். உணவு விளைய வேண்டிய மண்ணைச் சாயத்திற்காகப் பறித்த கொடுமை அது. இன்று உலகத்தின் துணி முழுவதையும் வேர்ச்சாயத்திலும் அவுரியிலும் நனைக்க நினைத்தால், எத்தனை வயல்களை அதற்குக் கொடுக்க வேண்டியிருக்கும்? விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் இன்றும் அவுரி விளைகிறது. அது நல்ல தொழில். ஆனால் எல்லாருக்கும் அது போதாது.

மீண்டும் செடியிடம்

இன்று நாம் அணியும் துணிகளில் பெரும்பாலானவற்றின் சாயம் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. பென்சீன், நாஃப்தலீன் போன்ற பொருள்களே அதன் அடிப்படை. இவற்றில் கார்பன் அணுக்கள் வளையமாகக் கோத்திருக்கும். சாயத்திற்கு அந்த வளையம் தேவை. பல வளையங்களை ஒன்றோடொன்று இணைக்கும்போதுதான் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சி மீதியைக் கண்ணுக்குத் தரும் நிறப்பொருள் உருவாகிறது.

அந்த வளையம் பூமிக்கடியில் மட்டும்தான் கிடைக்கும் என்பதில்லை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளில் அதே வளையங்கள் நிறைந்திருக்கின்றன. காகித ஆலைகள் கூழிலிருந்து லிக்னினைப் பிரித்து, பெரும்பாலும் எரிபொருளாக எரித்துவிடுகின்றன. நார்வே நாட்டில் ஓர் ஆலை மரத்தின் லிக்னினிலிருந்து ஐஸ்கிரீமுக்கு மணமூட்டும் வனிலினைத் தயாரிக்கிறது. மணம் எடுக்க முடியும் என்றால் நிறத்தின் மூலப்பொருளையும் எடுக்க முடியும் என்று ஆய்வாளர்கள் முயல்கின்றனர். நமது முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலும் இத்தகைய வளையப் பொருள் உண்டு. அதிலிருந்து சாயம் செய்யும் ஆய்வுகளும் நடந்துள்ளன.

இரண்டாவது வழி மிகப் பழையது. 1873இல் பிரான்சில் குருவாசான், பிரெத்தோனியேர் என்ற இருவர் மரத்தூள், தவிடு போன்றவற்றைச் சோடியம் சல்ஃபைடோடு சேர்த்துச் சூடாக்கினர். பழுப்பு நிறச் சாயம் ஒன்று கிடைத்தது. கந்தகச் சாயங்களில் முதலாவது அதுதான். செடிக்கழிவிலிருந்து செயற்கைச் சாயம் என்பது 150 ஆண்டுக்கு முந்தைய எண்ணம் என்று இதிலிருந்து தெரிகிறது. பின்னர் பெட்ரோலியம் மலிவானதால் அது பின்னுக்குப் போனது. 2010களில் ஸ்விட்சர்லாந்தின் ஆர்க்ரோமா நிறுவனம் அதே வழியைப் புதுப்பித்தது. பாதாம் ஓடு, ரோஸ்மேரி இலைச் சக்கை போன்ற கழிவுகளிலிருந்து பழுப்பு, பச்சை, சாம்பல் நிறக் கந்தகச் சாயங்களைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. உணவை எடுத்த பிறகு மிஞ்சும் ஓடும் சக்கையும்தான் மூலப்பொருள். சம்பாரணின் பாவம் இங்கே இல்லை.

மூன்றாவது வழி நொதித்தல். இட்லி மாவைப் புளிக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான். அப்படிப்பட்ட நுண்ணுயிர்களுக்கு மரபணுவில் மாற்றம் செய்து, சர்க்கரையை உண்டு நீலச் சாயத்தைத் தரும்படி பழக்குகின்றனர். அந்தச் சர்க்கரையை வைக்கோல், கரும்புச் சக்கை ஆகியவற்றிலிருந்தும் பிரித்தெடுக்க முடியும். 2018இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வழியில் இன்னொரு படி முன்னேறினர். நீலத்தைத் தண்ணீரில் கரைக்க ஆலைகளில் சேர்க்கும் வலுவான வேதிப்பொருள் இல்லாமலேயே துணிக்கு நீலம் ஏற்றிக் காட்டினர். அவுரிச் செடி தன் இலைக்குள் நீலத்தைச் சர்க்கரையோடு பிணைத்து வைத்திருக்கிறதல்லவா? அந்தத் தந்திரத்தையே அவர்கள் பின்பற்றினர்.

இவையெல்லாம் இன்னும் சிறிய அளவில்தான் இருக்கின்றன. விலையும் கூடுதல். ஆனாலும் 'சாயம் எதிலிருந்து வருகிறது?' என்ற முதல் கேள்விக்கு நல்ல விடை ஒன்று உருவாகி வருகிறது.

இரண்டாவது கேள்வி

முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் நாம் நிம்மதியடைந்துவிடக் கூடாது. மிஞ்சிய சாயம் எங்கே போகிறது?

திருப்பூரை நினைத்துப் பார்ப்போம். பருத்திக்குப் போடும் சாயங்களில் பல, உப்பு இல்லாமல் நூலில் சரியாக ஏறாது. சாயத் தொட்டியில் கொட்டும் உப்பு துணியில் தங்குவதில்லை. அப்படியே கழிவுநீரில் போகிறது. பிடிக்காத சாயமும் கூடவே போகிறது. பல ஆண்டுகளாக நொய்யல் ஆறு அதைச் சுமந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கியது. உழவர்களின் கிணறும் வயலும் பாழாயின. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை கண்டிப்போடு நடைமுறைக்கு வந்தது. அந்த முறையிலும் கடைசியில் உப்பும் சேறும் குவியலாக மிஞ்சுகின்றன.

பாதாம் ஓட்டிலிருந்து செய்த சாயமாக இருந்தாலும் இந்தக் கணக்கு தானாகத் தீராது. கந்தகச் சாயத்தை ஏற்றச் சல்ஃபைடு பயன்படுத்தினால், அது தண்ணீரில் கலக்கும்போது மீனைக் கொல்லும். அதற்குப் பதிலாகச் சர்க்கரை வகைப் பொருளைப் பயன்படுத்தும் முறை இருக்கிறது. எந்த முறையைக் கையாள்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அதுபோலவே, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருளை வெளியிடும் சில அசோ சாயங்களை 1994இல் ஜெர்மனியும் 1997இல் இந்தியாவும் தடை செய்தன. அந்த மூலக்கூறைச் செடியிலிருந்து செய்தாலும் நஞ்சு நஞ்சுதான்.

பழவேற்காட்டு ஏரியில் ஆரணியாறும் காளங்கியும் வந்து சேர்கின்றன. பக்கிங்காம் கால்வாய் அதன் வழியாகச் செல்கிறது. கடலோடு அதை இணைக்கும் முகத்துவாரம் மணல் மூடிக் குறுகும்போது, உள்ளே வந்தது எளிதில் வெளியே போவதில்லை. ஏரியின் இறாலும் நண்டும் மடவையும் உப்பும் நன்னீரும் கலக்கும் அளவை நம்பி வாழ்கின்றன. நிறம் கலந்த நீரில் வெளிச்சம் கீழே இறங்காது. வெளிச்சம் இல்லையேல் நீர்த்தாவரம் இல்லை. அது இல்லையேல் மீன்குஞ்சுக்கு இரையும் இல்லை. இங்குள்ள இருளர் இனப் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே எந்தத் திரையும் இல்லை. தண்ணீரில் என்ன கலந்தாலும் முதலில் படுவது அவர்கள் தோலில்.

பெட்ரோலியத்தை நம்பிய வாழ்க்கையின் விலை என்ன என்பதையும் இந்தக் கடற்கரை பார்த்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. பழவேற்காட்டுக்குத் தெற்கே உள்ள அந்த ஊர்களில் மீனவர்களின் படகிலும் வலையிலும் கருமை படிந்தது. அந்தக் கறை எந்தச் சாயப் பட்டறையிலிருந்தும் வந்ததல்ல. ஆனாலும் நமது சட்டையின் நிறத்துக்கும் அந்தக் கருமைக்கும் மூலப்பொருள் ஒன்றே என்பதை மறக்க முடியாது.

ஏரி கற்றுத்தரும் முறை

பழவேற்காட்டில் 'பாடு' என்ற பழைய முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், ஏரியில் மீன் வரும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். இன்று உனக்கு இந்த இடம், அடுத்த முறை எனக்கு. வலுத்தவர் என்பதால் ஒருவரே நல்ல இடத்தை வளைத்துக்கொள்ள முடியாது. இந்த முறைக்குள் இடம் கிடைக்காதவர்களின் வருத்தமும் அங்கே உண்டு. ஆயினும் தண்ணீர் பொதுச்சொத்து, அதில் எடுப்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்ற அறிவு அந்த முறையில் இருக்கிறது.

எடுப்பதற்கு ஒழுங்கு வைத்திருக்கும் மக்களின் ஏரியில், கொட்டுவதற்கு மட்டும் ஒழுங்கு இல்லாமல் போகலாமா? மீனவர் தம் பங்குக்கு மேல் எடுக்காமல் இருக்கும்போது, மேட்டு நிலத்தில் வாழும் நாம் நமது பங்குக்கு மேல் கொட்டுவது எந்த நியாயத்தில் சேரும்?

நம்மால் இயன்றவை சில உண்டு. நல்ல துணியை நீண்ட நாள் உடுத்தலாம். ஒரு துணியைக் கூடுதலாக ஓராண்டு பயன்படுத்தினால், இன்னொரு துணிக்கான சாயமும் உப்பும் தண்ணீரும் மிச்சமாகும். பங்குத் திருவிழாவுக்கு வாங்கும் தோரணங்களையும் கொடித்துணிகளையும் விழா முடிந்ததும் நீர்நிலையில் போடாமல், மடித்து வைத்து அடுத்த ஆண்டும் கட்டலாம். பழவேற்காட்டிலும் பிற ஊர்களிலும் பெண்கள் பனையோலைக் கூடை பின்னி விற்கின்றனர். ஓலையைச் சாயத் தண்ணீரில் கொதிக்கவைத்து நிறமேற்றுவது வழக்கம். கண்ணைப் பறிக்கும் நிறம் வேண்டுமென்று கேட்காமல், ஓலையின் சொந்த நிறத்திலேயே கூடையை வாங்கினால் அவர்களுக்கும் சாயத்தூள் செலவு குறையும். நமது பிள்ளைகளில் வேதியியல் படிப்பவர்கள் உண்டு. நெல் உமியும் கடலைத்தோலும் சவுக்குப்பட்டையும் வெறும் குப்பை அல்ல என்று அவர்களிடம் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் மறவாமல் கேட்போம். செடிக்கழிவிலிருந்து சாயம் செய்யும் ஆலை நாளை நமது மாவட்டத்துக்கு வந்தால், அதை வரவேற்பதற்கு முன் கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். கழிவைத் தரும் உழவருக்கும், பழைய கையறிவைத் தந்த மக்களுக்கும் அதில் பங்கு உண்டா என்றும் கேட்க வேண்டும். சாயவேர் தோண்டியவர்களுக்காக அன்று யாரும் இதைக் கேட்கவில்லை.

துணியின் நிறம் துணியில் நிற்கட்டும். ஏரியின் நிறம் ஏரியிலேயே இருக்கட்டும்.